வீட்டிற்கொரு நினைவுப் பெட்டகம்

நம் பாட்டனார் காலத்து இல்லங்களில் இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று தவறாது இருக்கும். நிலப் பத்திரம், வரி கட்டிய ரசீது, ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று, இரங்கூனுக்கோ கொழும்புக்கோ பிழைக்கப் போனவர் எழுதிய கடிதங்கள், பட்டணத்து ஸ்டூடியோவில் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட ஒன்றிரண்டு நிழற்படங்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கிவிடும். சாவி பாட்டியின் இடுப்பிலே தொங்கும். திறந்தால் அந்துருண்டை மணக்கும். வீட்டில் தீப்பிடித்தால் முதலில் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய பொருள் எது என்பதில் எவருக்கும் ஐயமே இராது.

இன்று அப்பெட்டியின் இடத்தைப் பிடித்திருப்பது கைப்பேசி. மகளின் புதுநன்மை, மகனின் திருமணம், பேரனின் முதல் நடை, நோயுற்றுப் படுத்திருந்த தாயார் கடைசியாகப் பாடிய தாலாட்டு, இவை எல்லாம் எவரோ ஒருவருடைய சட்டைப் பையில் கிடக்கின்றன. அக்கைப்பேசி கிணற்றில் விழுந்தாலும், பேருந்தில் களவு போனாலும், ஒரு நாள் காலையில் உயிரற்றுக் கிடந்தாலும் பத்தாண்டுக் குடும்ப வரலாறு ஒரு கணத்தில் இல்லாமற் போகிறது. கைப்பேசியை மறுபடி வாங்கலாம். தாயார் மறுபடி பாடமாட்டார்.

“எல்லாம் கூகுளில் இருக்கிறதே” என்று சிலர் ஆறுதல் கொள்வர். சற்றே சுருக்கிய படங்களை அளவின்றி இலவசமாக ஏற்றுவந்த அந்நிறுவனம், 2021 ஜூன் 1 முதல் அச்சலுகையை நிறுத்திவிட்டது. அதன்பின் ஏற்றும் படங்கள் யாவும், மின்னஞ்சலோடு சேர்த்து, 15 ஜி.பி. என்னும் இலவச வரம்பிற்குள் கணக்கிடப்படுகின்றன. அதற்கு மேல் வேண்டுமாயின் மாத வாடகை செலுத்தவேண்டும். வாடகை கொடுப்பது குற்றமன்று. ஆயினும் குடும்பத்தின் ஒரே நினைவுப் பெட்டி என்றென்றும் பிறர் வீட்டிலேயே இருக்கவேண்டுமா என்று கேட்பதும் நியாயமே.

இதற்கு மாற்றாக, வீட்டிலேயே ஒரு மூலையில் அமர்ந்து, குடும்பத்தார் அனைவருடைய படங்களையும் ஆவணங்களையும் காக்கும் கணினி ஒன்றை நாமே அமைத்துக்கொள்ளலாம். இதனைச் சர்வர் என்பர். பணிவிடை செய்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். அதற்குத் திரை வேண்டா, விசைப்பலகை வேண்டா. ரவுட்டரோடு இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கைப்பேசிகளும் கணினிகளும் கேட்கும்போது கோப்புகளை வாங்கி வைக்கும், திரும்பக் கொடுக்கும். அவ்வளவே அதன் வேலை. இவ்வேலைக்கு மூளைபலம் மிகுதியாகத் தேவையில்லை. ஆகவேதான் பிறர் கழித்துப் போட்ட பழைய கணினியைக் கொண்டு இதனைச் செய்ய முடிகிறது.

பழைய கணினி எங்கே கிடைக்கும்?

இக்காலம் அதற்கு மிகவும் ஏற்றது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாள் நிறுத்தியது. அடுத்து வந்த விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை ஏற்பதில்லை. விளைவு யாதெனில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை அலுவலகங்களும் கல்லூரிகளும் மூட்டை மூட்டையாகக் கழித்து விடுகின்றன. சென்னை ரிச்சி தெருவிலும், பெங்களூரு எஸ்.பி. சாலையிலும், மாவட்டத் தலைநகர்களின் பழைய கணினிக் கடைகளிலும் இவை அடுக்கிக் கிடக்கின்றன. நம் வீட்டுப் பரணிலேயே மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய பெட்டி ஒன்று தூசியோடு உறங்கிக்கொண்டிருக்கலாம். விண்டோசுக்கு ஆகாதது லினக்சுக்கு ஆகும். இன்டெல்லின் நான்காம் தலைமுறைச் செயலி 2013-இல் வந்தது. கோப்புகளைக் காத்து வழங்கும் பணிக்கு இன்றும் அது போதும்.

ஆனால் பழையது எல்லாம் ஆகும் என்று எண்ணுவதும், எல்லாம் புதிதாகவே வேண்டும் என்று எண்ணுவதும் ஒருங்கே பிழை. நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது. ஒரு பாகம் பழுதானால் வேலை மட்டும் நிற்குமா, அல்லது உள்ளிருக்கும் பொருளும் அழியுமா என்று கேட்கவேண்டும். செயலி நின்றுவிட்டால் வேலை நிற்கும். வேறொரு செயலியை மாட்டினால் மறுநாள் ஓடும். தாய்ப்பலகையும் அத்தகையதே. ரேம் எனப்படும் நினைவகத்தையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். எனினும் அது பழுதுபட்டால் தவறான எழுத்தை டிஸ்க்கில் எழுதக்கூடுமாதலால், தொடக்கத்தில் மெம்டெஸ்ட் என்னும் இலவச மென்பொருளை ஓரிரவு ஓடவிட்டுச் சோதித்துவிடவேண்டும். காபினெட்டைப் பற்றிக் கவலையே இல்லை. தகரம் தகரமே. இவை எல்லாம் பழையனவாக இருக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கோ அப்படியன்று. அது போனால் உள்ளிருக்கும் படமும் போயிற்று. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி பழுதுற்றால் சில வேளைகளில் தன்னோடு டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுபோகும். ஆகவே இவ்விரண்டையும் புதிதாகவே வாங்கவேண்டும். கைப்பணம் பத்து ரூபாய் என்றால் ஏழு ரூபாயை டிஸ்க்கிற்கும், இரண்டு ரூபாயை மின்வழங்கிக்கும், எஞ்சியதை மற்றவற்றிற்கும் செலவிடுங்கள். வண்ண விளக்கு எரியும் கண்ணாடிக் காபினெட்டை வாங்கிவிட்டு, பழைய டிஸ்க்கை மாட்டும் இளைஞர்களைக் காண்கிறோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அடித்தளத்தை மறப்பதற்கு ஒப்பானது அது.

ஒரு முன்னெச்சரிக்கை. பெருநிறுவனங்கள் அலுவலகங்களுக்கென விற்ற சிறு பெட்டிக் கணினிகள் பலவற்றில் மின்வழங்கியின் இணைப்பான் அந்நிறுவனத்திற்கே உரியது. கடையில் வாங்கிய பொதுவான மின்வழங்கி அதற்குப் பொருந்தாது. மேலும் அவற்றில் பெரிய டிஸ்க் ஒன்றிற்கு மேல் வைக்க இடமும் இராது. எனவே வாங்குமுன் மூடியைத் திறந்து பார்த்து, 24 ஊசி மின் இணைப்பு இருக்கிறதா, பலகையில் குறைந்தது மூன்று சாட்டா இணைப்புகள் இருக்கின்றனவா, 3.5 அங்குல டிஸ்க்குகள் இரண்டு வைக்க இடம் உண்டா என்பவற்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். உயரமான பெட்டியே உத்தமம்.

டிஸ்க்கைப் பற்றிச் சற்று விரிவாக

1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வணிக ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சுழலும் அப்பெரும் பொறி காத்தது ஐம்பது இலட்சம் எழுத்துகளை. இன்று நம் கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு படம் அப்பொறியை நிரப்பிவிடும். இப்போது கையில் அடங்கும் 4 டி.பி. டிஸ்க் ஒன்றில், படம் ஒன்றிற்கு 4 எம்.பி. என்று கொண்டால், பத்து இலட்சம் படங்கள் அடங்கும். திருமண வீடியோக்களும் சேர்த்து ஓர் இடைத்தரக் குடும்பத்திற்கு இவ்வளவு தாராளம். இதனைக் கணினியில் மாட்டினால் 3.6 என்று காட்டக்கூடும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினங்கொள்ளாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார். சில மென்பொருள்கள் 1024-ஆல் பெருக்குகின்றன. அதனால் வரும் வேறுபாடே அது.

டிஸ்க் வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “இது சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா?” எஸ்.எம்.ஆர். வகையில், கூரை ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி வேய்வதுபோல, பதிவுத் தடங்கள் ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறி அமைகின்றன. நடுவிலுள்ள ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமாயின் அடுத்துள்ளவற்றையும் எடுத்து வேயவேண்டும் அல்லவா? அதுபோலவே இவ்வகை டிஸ்க்கில் எழுதியதை மாற்றி எழுதும்போது வேகம் வெகுவாகக் குறையும். எப்போதாவது எடுத்துவைக்கும் நகலுக்கு இது போதும். இரவும் பகலும் ஓடும் சர்வருக்கு, அதிலும் பழுதான டிஸ்க்கின் இடத்தில் புதியதை மாட்டி எல்லாவற்றையும் மீண்டும் எழுதும் வேளையில், இது பெருந்தொல்லை தரும். வீட்டுச் சர்வர்களுக்கென்றே விற்கப்பட்ட டிஸ்க்குகள் சிலவற்றில் சொல்லாமலே இம்முறையைப் புகுத்தியிருந்தது 2020-இல் வெளிப்பட, வாங்கியோர் கொதித்தெழுந்தனர். அதன்பின் டிஸ்க்கின் மாதிரி எண்ணைக் கொண்டு வகையை அறிய, நிறுவனங்கள் பட்டியல்களை வெளியிட்டன. ஆகவே அட்டைப் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்காது, மாதிரி எண்ணைப் பார்த்து வாங்குக.

“பழைய டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கிறதே” என்பார் பலர். உண்மைதான். 2021-இல் சியா என்னும் மின்காசு ஒன்று தோன்றியது. டிஸ்க்கின் வெற்றிடத்தையே முதலாகக் கொண்டு அதனை ஈட்டலாம் என்றதும், பேராசை கொண்டோர் பெரிய டிஸ்க்குகளை வாங்கிக் குவித்தனர். அவ்வேட்கை தணிந்ததும் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் களைத்த டிஸ்க்குகள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் சில, ஓடிய நேரக் கணக்கு அழிக்கப்பட்டு, புதியனபோல விற்கப்பட்டதை 2025-இன் தொடக்கத்தில் ஜெர்மானியப் பத்திரிகையாளர் வெளிக்கொணர்ந்தனர். ஓடிய மைல் கணக்கைத் திருப்பிவைத்து விற்கும் பழைய மோட்டார் வண்டியின் கதைதான். ஆகவே முதன்மையான இரண்டு டிஸ்க்குகளையும் நம்பிக்கையான கடையில், உத்தரவாதத்துடன், ரசீது பெற்று வாங்குக. ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே தொகுதியில் இரண்டையும் எடுப்பதினும், வெவ்வேறு தொகுதியினவாக எடுப்பது நல்லது. உடன் பிறந்தவை உடன் சாகும் வாய்ப்பு மிகுதி.

வீட்டில் கிடக்கும் பழைய டிஸ்க்குகளை எறிந்துவிடவும் வேண்டா. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். ஸ்மார்ட் என்னும் அக்குறிப்பைப் படிக்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. கெட்டுப்போனதால் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், ஒதுக்கக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் சுழியாக இருந்தால் அந்த டிஸ்க்கிற்கு இன்னும் ஊழியம் உண்டு. அதனை எங்கு பயன்படுத்துவதென்று பின்னர்க் கூறுவேன். அவ்வெண்கள் நாளுக்கு நாள் ஏறினால் அதனை நம்பாதீர்கள்.

டிஸ்க் ஏன் இரண்டு? பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தான் ஓட்டும் இலட்சக்கணக்கான டிஸ்க்குகளின் இறப்புக் கணக்கைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை ஆண்டுதோறும் இறக்கின்றன. சிறிய எண் போலத் தோன்றும். அந்த ஒன்று நம்முடையதாய் இருக்கும்போதுதான் அதன் பெருமை விளங்கும். ஆகவே ஒரே படத்தை இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே நேரத்தில் எழுதச் செய்கிறோம். இதற்குக் கண்ணாடி முறை என்று பெயர். ஒன்று இறந்தாலும் மற்றொன்றிலிருந்து குடும்பம் தடையின்றிப் படம் பார்க்கும். 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, இதுபோன்ற முறைகளைத் தொகுத்து ரெய்டு என்று பெயரிட்டது. அப்பெயரிலுள்ள ஓர் எழுத்து ‘மலிவான’ என்னும் பொருளுடையது. விலையுயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றைவிட மலிவான பலவற்றைச் சேர்த்துப் பயன் கொள்வதே அவர்கள் கருத்து. பின்னாளில் வணிகர்கள் அவ்வெழுத்திற்கு ‘சார்பற்ற’ என்று வேறு பொருள் கூறிக்கொண்டனர். மலிவு என்ற சொல் விற்பனைக்கு உதவாது போலும்!

பூட்டும் வேலை

ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் இதற்குப் போதும். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் உள்ளுறுப்புகளை அவர்கள் கண்ணால் காண இதைவிட நல்ல வாய்ப்பு வாராது. ஆயினும் மின்வழங்கியின் இரும்புப் பெட்டியை மட்டும் எவரும் எக்காரணம் கொண்டும் திறத்தல் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

முதலில் பெட்டியை முற்றத்திற்குக் கொண்டுபோய்த் தூசியை ஊதுங்கள். நம் நாட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கணினியினுள் தூசி மட்டுமன்றி எறும்புக்கூடும் பல்லி முட்டையும் இருப்பது இயல்பே. தாய்ப்பலகையிலுள்ள சிறு உருளைகளின் தலை தட்டையாக உள்ளதா என்று பாருங்கள். தலை புடைத்திருந்தால் அப்பலகை நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினால் பாதிக் கணினிகளின் நோய் தீரும். பலகையிலுள்ள காசு வடிவ பாட்டரியை மாற்றுக. அதற்கு சி.ஆர். 2032 என்று பெயர், மளிகைக் கடையிற்கூடக் கிடைக்கும். செயலியின்மேல் உள்ள விசிறியைக் கழற்றி, காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பசையைத் துடைத்து, புதிய பசையைப் பட்டாணி அளவு வைத்து மீண்டும் பூட்டுக.

மின்வழங்கியின் கம்பிகளில் இரண்டு பொல்லாங்குகள் ஒளிந்திருக்கின்றன. கழற்றி மாட்டக்கூடிய கம்பிகளையுடைய மின்வழங்கியாயின், அதனோடு வந்த கம்பிகளை மட்டுமே பயன்படுத்தவேண்டும். வேறு நிறுவனத்தின் கம்பி அச்சாகப் பொருந்தும், ஆனால் உள்ளே இணைப்பின் வரிசை மாறியிருக்கும். விசையை அழுத்திய கணமே டிஸ்க்குகள் கருகிவிடும். மற்றொன்று, பழைய நான்கு ஊசி இணைப்பைச் சாட்டா இணைப்பாக மாற்றும் மலிவான துணைக்கம்பி. வார்த்து அடைத்த தலையையுடைய இக்கம்பிகள் உருகித் தீப்பற்றியதுண்டு. சில ரூபாய் மிச்சத்திற்காக வீட்டில் நெருப்பை வளர்க்க வேண்டா.

இரண்டு டிஸ்க்குகளையும் இடைவெளி விட்டு, நான்கு திருகும் முடுக்கி, விசிறியின் காற்று படும்படி அமையுங்கள். இயக்க மென்பொருளுக்கு, பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். அது இறந்தால் மென்பொருளை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், படங்களுக்கு ஊறில்லை. பின்னர்ப் புதிய டிஸ்க்குகளைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை எழுதிப் படித்துச் சோதியுங்கள். 4 டி.பி. டிஸ்க்கை ஒருமுறை எழுதவே ஏழெட்டு மணி நேரமாகும். பொறுமை வேண்டும். குறையுள்ள டிஸ்க் பெரும்பாலும் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்.

மென்பொருளுக்குக் காசு வேண்டியதில்லை. டெபியன் லினக்சின்மேல் எழுந்த ஓப்பன் மீடியா வால்ட், 2005-இல் ஃபிரீநாஸ் என்னும் பெயரில் தோன்றி வளர்ந்த ட்ரூநாஸ் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. ரேம் 8 ஜி.பி.யோ அதற்கு மேலோ இருந்தால் ட்ரூநாஸே என் தெரிவு. அதிலுள்ள இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறை, எழுதும் ஒவ்வொரு துண்டிற்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைக்கும். பின்னர்ப் படிக்கையில் எண் ஒவ்வாவிடில், கண்ணாடியிலுள்ள நல்ல பிரதியைக் கொண்டு தானே திருத்திக்கொள்ளும். இன்னொரு சிறப்பு, குறித்த நேரத்து நிலையை அப்படியே நிறுத்திவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி. பிள்ளை தவறுதலாய் ஒரு கோப்புறையை அழித்தாலும் நேற்றைய நிலையிலிருந்து மீட்டுவிடலாம். ரேம் 4 ஜி.பி. மட்டும் இருக்குமாயின் ஓப்பன் மீடியா வால்ட் இலகுவாக ஓடும். எதை ஏற்றினாலும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவதே. ஓப்பன் மீடியா வால்ட்டின் தொடக்கக் கடவுச்சொல் உலகறிந்தது.

ரவுட்டரோடு லேன் கம்பியால் இணையுங்கள். ரவுட்டரின் துளைகள் கிகாபிட் வேகமுடையனவா என்றும் பாருங்கள். அவ்வேகத்தில் 100 ஜி.பி. கால் மணி நேரத்தில் போய்ச் சேரும். பழைய நூறு மெகாபிட் ரவுட்டரில் அதற்கே இரண்டேகால் மணியாகும்.

ஊரிலிருந்து எங்கிருந்தும் பார்க்கலாமே என்ற ஆசையால் இச்சர்வரை நேரே இணையத்திற்குத் திறந்துவிடாதீர்கள். 2022 சனவரியில் டெட்போல்ட் என்னும் கொள்ளை மென்பொருள், அவ்வாறு திறந்து வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கைப்பேசி தானே படங்களை இறக்கிவைத்தால் போதும்.

மின்கட்டணம் எவ்வளவு ஆகும் என்று இல்லத்தரசியார் கேட்பது நியாயம். இத்தகைய பழைய கணினி ஓய்வாக இருக்கையில் டிஸ்க்குகள் உட்பட ஏறத்தாழ 30 முதல் 40 வாட் இழுக்கும். 30 வாட் என்று கொண்டால் அறுபது நாள்களில் 43 யூனிட். இதில் பழைய வரைபட அட்டை செருகியிருந்தால் கழற்றிவிடுக. அது சும்மா இருந்தே மின்சாரம் தின்னும். மின்தடைக்கு ஒரு யு.பி.எஸ். அவசியம். பரணில் செத்துக் கிடக்கும் பழைய 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றிற்கு 12 வோல்ட் 7 ஏ.எச். பாட்டரி புதிதாய் வாங்கிப் போட்டாலே பெரும்பாலும் உயிர்பெறும். இடி மின்னல் நாள்களில் கம்பியையே பிடுங்கி வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கண்ணாடி நகலன்று

இவ்வளவும் செய்து முடித்தபின் பலர் நிம்மதியாய் உறங்கச் செல்கின்றனர். இங்கேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். கண்ணாடி முறை காப்பது டிஸ்க்கின் மரணத்திலிருந்து மட்டுமே. தவறுதலாய் அழித்தால் இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் போகும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, தரைத்தளத்து வீடுகளில் இருந்தவை எத்தனை நகலாயினும் ஒரே நீரில்தான் மூழ்கின.

1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. எவரோ இட்ட ஓர் அழிப்பு ஆணையால் படத்தின் கோப்புகள் கண் முன்னே ஒவ்வொன்றாய் மறையத் தொடங்கின. அவசரமாய்க் கணினியின் மின் இணைப்பைத் துண்டித்தும் பெரும்பகுதி போய்விட்டது. எடுத்துவைத்த நகல்களை நாடினால் அவையும் பழுதுபட்டிருந்தன. நகல் சரியாய் இருக்கிறதா என்று எவரும் சோதித்திருக்கவில்லை. அப்போது கேலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப மேற்பார்வையாளர், தம் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருப்பதை நினைவுகூர்ந்தார். கைக்குழந்தைக்குத் தாயானபடியால் வீட்டிலிருந்தே பணியாற்றிவந்தவர் அவர். அக்கணினியைப் போர்வைகளில் சுற்றி, காரில் வைத்து மெதுவாய் ஓட்டிவந்தனர். வேறோரிடத்தில் இருந்த நகல் என்பதால்தான் அது பிழைத்தது.

நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய மூன்று-இரண்டு-ஒன்று என்னும் கணக்கும் இதையே கூறுகிறது. பிரதிகள் மூன்று, இருவகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறோரிடத்தில். நமக்கு இது புதிதன்று. ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் பங்குப் பதிவேடுகளின் நகலை ஆயரகத்திற்குப் பங்குக்குரு அனுப்பவேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதித்திருந்தது. பங்கு இல்லத்தில் கறையான் புகுந்தாலும் ஞானஸ்நானப் பதிவு பிழைக்க வழி செய்த ஏற்பாடு அது.

மேலே எறிய வேண்டா என்று கூறிய பழைய டிஸ்க்குகளுக்கு இப்போது வேலை வருகிறது. சோதனையில் தேறிய பழைய டிஸ்க் ஒன்றை யு.பி.எஸ். போலன்றி எளிய யு.பி. உறையில்... என்று தடுமாற வேண்டியதில்லை: கடையில் விற்கும் யு.எஸ்.பி. உறை ஒன்றில் இட்டு, சர்வரிலுள்ளவற்றை அதில் நகலெடுத்து, தங்கை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ கொடுத்துவைக்கவேண்டும். பக்கத்துத் தெருவினும் பக்கத்து ஊர் நலம். மூன்று மாதத்திற்கொரு முறை விருந்துக்குப் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். பிறர் கையில் இருப்பதால் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி வைப்பது முறை. நகலெடுத்தபின் அதிலிருந்து பத்துப் படங்களையும் ஒரு வீடியோவையும் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பாராத நகலை நகல் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

எல்லா வீட்டிற்கும் சர்வர் வேண்டும் என்று நான் கூறவில்லை. இருவர் மட்டும் உள்ள வீட்டில், படங்கள் மொத்தம் நூறு இருநூறு ஜி.பி.க்குள் அடங்குமாயின், புதிய வெளி டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை உறவினர் இல்லத்திலும் வைத்தாலே போதும். நான்கைந்து கைப்பேசிகள், படிக்கும் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் என்று கூட்டம் பெருகிய வீட்டிற்கே இவ்வேற்பாடு பொருந்தும்.

இறுதியாக ஒரு தாள். குடும்பத்தில் இதனை அமைத்தவர் ஒருவராகவே இருப்பார். கடவுச்சொல் அவர் மனத்தில் மட்டும் இருக்கும். அவர் திடீரென்று மறைந்தால், அடக்கச் சடங்கிற்கு நல்ல படம் ஒன்று தேடும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் முன்னே ஒன்றும் அறியாது நிற்பர். ஆகவே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பேனாவால், தமிழில் எழுதுங்கள்: பெட்டி எங்கே இருக்கிறது, அதனைத் திறக்கும் முகவரி என்ன, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் யாவை, வெளி நகல் யார் வீட்டில் இருக்கிறது, டிஸ்க்குகளை வாங்கிய நாளும் கடையும் எவை, சிக்கல் வந்தால் யாரைக் கேட்கவேண்டும். கணினி அறியாத மனைவியை அழைத்து, அத்தாளை மட்டும் கையில் கொடுத்து, ஒரு படத்தைத் திறக்கச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பிறகு அதனை மடித்து, நிலப் பத்திரம் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.